உதைதணிப்பி, சுடர்தணிப்பி: 'வாய்த்தடை'க்கும் 'ஒளிமறைப்பி'க்கும் ஒரு மறுப்பு

அன்புடையீர்,

துப்பாக்கிக் குழலின் நுனியில் திருகி மாட்டும் சிறு உலோகத் துண்டுகளுக்குத் தமிழ்ப் பெயராக இதுவரை இரண்டு பரிந்துரைகள் வந்துள்ளன. சுடும்போது தோளில் விழும் உதையைக் குறைக்கும் மசில் பிரேக்குக்கு 'வாய்த்தடை', குழல்வாயில் எழும் சுடரைக் குறைக்கும் ஃபிளாஷ் சப்ரஸருக்கு 'ஒளிமறைப்பி'. இரண்டிலும் எனக்கு உடன்பாடில்லை. 'வாய்த்தடை' என்று படித்ததும் வாய்ப்பூட்டுச் சட்டம்தான் நினைவுக்கு வருகிறது. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் குழல்வாயில் எதுவும் தடுக்கப்படுவதே இல்லை.

5.56 மி.மீ. நேட்டோ தோட்டாவை எடுத்துக்கொள்வோம். குண்டின் எடை சுமார் 4 கிராம், உள்ளே இருக்கும் வெடிமருந்து சுமார் 1.7 கிராம். மருந்து எரிந்தால் மாயமாகிவிடுவதில்லை. அவ்வளவும் வாயுவாகிக் குண்டின் பின்னாலேயே குழலைவிட்டுப் பீறிடுகிறது, அதுவும் குண்டைவிட வேகமாக. தோளில் விழும் உதையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இந்த வாயுவால் வருவது. குண்டு தரும் உதை, குண்டு குழலுக்குள் ஓடும்போதே துப்பாக்கியில் ஏறிவிடுகிறது. நுனியில் எதை மாட்டினாலும் அதைத் தடுக்க முடியாது. வாயுவை மட்டும் திசைதிருப்பலாம். பக்கவாட்டில் திறந்த அறைகளின் முன்சுவரில் வாயு மோதித் திரும்பும்போது துப்பாக்கியை முன்னோக்கி இழுக்கிறது. துளைகள் பின்பக்கமாகச் சாய்ந்திருந்தால் அந்த இழுப்பு இன்னும் கூடும். பாரெட் எம்82 துப்பாக்கியின் நுனியில் அம்புத்தலை போல ஒன்று இருக்கிறதே, அது செய்வது இதைத்தான். சுடுபவரின் தோளுக்குக் கிடைக்கும் இந்தச் சலுகைக்குப் பக்கத்தில் படுத்திருப்பவரின் காது விலை கொடுக்கிறது. புழுதி வேறு கிளம்பும்.

ஆகவே இது தடை அல்ல, தணிப்பு. 'உதைதணிப்பி' என்பது என் முன்மொழிவு. நடுவில் ஒற்று மிகாதா என்று ஒருவர் கேட்பார் என்று தெரியும். உதையைத் தணிப்பது என்று இரண்டாம் வேற்றுமைத் தொகையாக விரிவதால் மிகாது. 'ஒலிபெருக்கி'யில் மிகாததைப் போல.

'ஒளிமறைப்பி'தான் உண்மையில் வழிதவறச் செய்யும் சொல். அதில் இரண்டு பிழைகள் இருக்கின்றன. முதலாவது, எதிரியின் கண்ணிலிருந்து ஒளியை மறைக்கும் கருவி இது என்ற எண்ணம். எதிரில் இருப்பவனுக்கு வெளிச்சம் ஓரளவு தெரியத்தான் செய்யும். இதனால் முதலில் பயன்பெறுவது சுடுபவரின் கண்கள். இருளுக்குப் பழகிய கண் ஒரே ஒரு பெரிய சுடரில் குருடாகிவிட்டால், பழைய நிலைக்குத் திரும்பப் பல நிமிடங்கள் ஆகும்.

இரண்டாவது பிழை, சுடர் முன்பே இருக்கிறது, அதற்கு ஒரு மறைப்புக் கட்டுகிறோம் என்பது. சமையலறையில் கேஸைத் திறந்துவிட்டு லைட்டரைத் தேடிய அனுபவம் எல்லோருக்கும் இருக்கும். வாயு காற்றோடு கலந்து காத்திருக்கிறது. பொறி பட்டதும் 'குப்'பென்று அடுப்பைவிடப் பெரிதாக எழுகிறது. குழல்வாயிலும் இதே கதைதான். வெளியே வரும் வாயுவில் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனும் எரியாமல் நிறைய மிச்சம் இருக்கின்றன. குழலை விட்டதும் விரிந்து கொஞ்சம் குளிர்கிறது அந்த வாயு. பிறகு சில அங்குலம் தள்ளி, தட்டுப் போன்ற ஓர் அதிர்வலைக்குள் புகுந்து மீண்டும் கொதிக்கிறது. அந்த அதிர்வலைதான் இங்கே லைட்டர். நுனியில் உள்ள பிளவுகள் வாயுவைப் பல கீற்றுகளாகப் பிரித்து அந்தத் தட்டை உருவாகவிடாமல் கலைக்கின்றன. கருவி லைட்டரைப் பிடுங்கிக்கொள்கிறது, அவ்வளவுதான். மருந்திலேயே பொட்டாசியம் உப்பைச் சேர்த்துச் சுடரை அடக்குவதும் உண்டு. அந்த உப்பு மறைக்கிறது என்று யாராவது சொல்வோமா?

எனவே 'சுடர்தணிப்பி'. சுடர் என்றால் அகல்விளக்கு நினைவுக்கு வருகிறது, மென்மையாக இருக்கிறது என்பது நியாயமான குறை. 'தழல்தணிப்பி' என்று சொல்லிப் பார்த்தேன்; நாக்கு தடுக்கியது. 'பிழம்பு' இன்னும் பாரம்.

இரண்டு கருவிகளுக்கும் ஒரே சொல் போதாதா என்று கேட்ட நண்பருக்கு: போதாது. அமெரிக்காவில் 1994 முதல் 2004 வரை நடப்பில் இருந்த தாக்குதல் ஆயுதத் தடைச் சட்டம், ஒரு ரைஃபிளைத் தடைக்குள் கொண்டுவரும் அம்சங்களில் ஒன்றாகச் சுடர்தணிப்பியைப் பட்டியலிட்டது. உதைதணிப்பி அந்தப் பட்டியலில் இல்லை. நாம் இரண்டையும் ஒரே பெயரால் அழைத்தால் அந்தச் சட்டத்தைத் தமிழில் எழுதவே முடியாது.

ஒரே துண்டு இரண்டு வேலை செய்வதும் உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன். அமெரிக்க ராணுவத்தின் எம்16 ரைஃபிளின் தொடக்க வடிவத்தில் மூன்று விரல்கள் நீட்டியதுபோல் ஒரு சுடர்தணிப்பி இருந்தது. அது செடிகொடிகளில் மாட்டிக்கொண்டதால் நுனி மூடிய கூண்டு வடிவம் வந்தது. பிறகு எம்16ஏ2வில் அடிப்பக்கத் துளைகளை அடைத்துவிட்டார்கள். படுத்துச் சுடும்போது புழுதி கிளம்பாது; மேலே போகும் வாயு குழல் எழும்புவதையும் கொஞ்சம் அமுக்கும். ஏகேஎம் துப்பாக்கியின் சாய்வாக வெட்டிய நுனி இந்த அமுக்கும் வேலைக்கென்றே வந்தது. அதைக் காம்பென்சேட்டர் என்கிறார்கள். அகராதியைப் பார்த்து 'ஈடுசெய்வி' என்று எழுதினால் வங்கிக் கணக்குப் போல இருக்கிறது. 'முனையமுக்கி' என்று எழுதிப் பார்த்திருக்கிறேன்.

'தணிப்பி'யை நான் விடாமல் பிடித்துக்கொள்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஆங்கிலப் பெயர்கள் எல்லாமே கொஞ்சம் பெருமை அடித்துக்கொள்பவை. அமெரிக்கக் கண்டுபிடிப்பாளர் ஹைரம் பெர்சி மாக்சிம் 1909இல் காப்புரிமை பெற்ற கருவிக்குச் 'சைலன்சர்' என்று பெயர் வைத்தார். ஆனால் 160 டெசிபலைத் தாண்டும் ரைஃபிள் ஓசையில் அத்தகைய கருவி 20, 30 டெசிபல் குறைத்தால் பெரிது. மௌனம் எங்கே வந்தது? அதை 'ஒலிதணிப்பி' என்றால் பொய் இல்லை. முருகனின் சினம் தணிந்த இடம் திருத்தணி என்பார்கள். சினமே இல்லாமல் போன இடம் என்று யாரும் சொல்வதில்லை. மூன்று கருவிகளும் அந்த அளவுக்குத்தான்.

'தணிப்பான்' ஏன் கூடாது என்று இலங்கை நண்பர் கேட்டிருந்தார். கூடும். 'ஒலிபெருக்கி', 'மின்தேக்கி' என்ற வரிசையோடு ஒட்டட்டும் என்றுதான் இகரத்தில் முடித்தேன். 'முனையமுக்கி'யில் எனக்கே முழு நிறைவு இல்லை. திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலைப் பக்கம் பழக்கம் உள்ளவர்கள் யாராவது, கடைசல் பட்டறையில் இந்த நுனித் துண்டை என்ன பெயர் சொல்லிக் கேட்டு வாங்குகிறார்கள் என்று விசாரித்து எழுதினால், என் சொல்லைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.