மனைவி நிறைமாதம், கணவன் பயிற்சி ஓட்டுநர்

செங்காங் ஓட்டுநர்:

சரக்குக் கப்பல் நிறுவனமொன்றில் ஆவணப் பிரிவில் இருந்தேன். ஆட்குறைப்பு வரப்போகிறது என்ற பேச்சு ஓயவே இல்லை. அது வருமுன் நானே கிளம்பிவிடுவது என்று பஸ் ஓட்டுநர் வேலைக்கு விண்ணப்பித்தபோது மனைவிக்கு நான்காம் மாதம். “குளிர்சாதன அறையில் உட்கார்ந்திருந்த மாப்பிள்ளை பஸ் ஓட்டுவதா?” என்றார் மாமியார். “பஸ்ஸிலும் குளிர்சாதனம் உண்டு, அத்தை” என்றேன். அவர் சிரிக்கவில்லை.

நேர்முகத்தில் இருந்த அம்மையார் ஜனவரியில் பயிற்சியில் சேரச் சொன்னார். குழந்தை பிப்ரவரி இறுதியில் பிறக்க வேண்டியது. நான் அக்டோபரிலேயே சேர்த்துக்கொள்ளும்படி கேட்டுக் காரணத்தையும் மறைக்காமல் சொன்னேன். தந்தையர் விடுப்பு கிடைக்கக் குழந்தை சிங்கப்பூர்க் குடிமகனாக இருக்க வேண்டும், பெற்றோர் சட்டப்படி மணம் செய்திருக்க வேண்டும், பிறப்புக்கு முன் அதே முதலாளியிடம் குறைந்தது 3 மாதம் தொடர்ந்து வேலை பார்த்திருக்க வேண்டும். 2025 ஏப்ரல் 1 முதல் பிறக்கும் குழந்தைகளுக்கு அது 4 வாரம், முதலாளி கட்டாயம் தர வேண்டும். ஜனவரியில் சேர்ந்திருந்தால் அந்த 4 வாரமும் கைநழுவியிருக்கும். அம்மையார் விரல்விட்டு எண்ணிப் பார்த்து, “கொஞ்சம் முன்னதாகப் பிறந்தாலும் தாங்கும்” என்று அக்டோபரையே எழுதிக்கொண்டார். கர்ப்பச் செய்தியைச் சொன்னால் வேலை போய்விடும் என்று பயமுறுத்தியவர்களை அப்போது நினைத்துக்கொண்டேன். தந்தையர் விடுப்புச் சம்பளத்தை வாரத்துக்கு 2,500 வெள்ளி வரை அரசாங்கம் முதலாளிக்குத் திருப்பித் தந்துவிடுகிறது. எனவே பணத்தைப் பொறுத்தவரை அவர்களுக்குப் பெரிய இழப்பில்லை. வேலை அட்டவணைதான் தலைவலி.

பயிற்சியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பஸ் ஓட்டத் தேவையான வகுப்பு 4ஏ உரிமம், நிலப் போக்குவரத்து ஆணையத்தின் தொழில் உரிமம், 12 மீட்டர் நீள வண்டியைப் பின்னால் எடுக்கும்போது வியர்த்த முதுகு, அவ்வளவுதான். எல்லாரும் அஞ்சும் பிளவு நேரப் பணிதான் எனக்கு உதவியது. காலை நெரிசலுக்கு ஓட்டிவிட்டு, மாலை நெரிசல் வரை நடுவில் சில மணி நேரம் ஓய்வு. மருத்துவப் பரிசோதனைக்கெல்லாம் மனைவியுடன் போக முடிந்தது. பழைய அலுவலகத்தில் அரை நாள் விடுப்புக்கே முகம் சுளிப்பார்கள். ஆனால் விடியற்காலைப் பணி வேறு கதை. எம்ஆர்டி ரயில் ஓடத் தொடங்குமுன் வீட்டைவிட்டுக் கிளம்ப வேண்டும். அந்த நேரத்தில் வலி எடுத்தால் யார் அழைத்துப் போவது என்று பக்கத்து வீட்டு மலாய்க்கார அக்காவிடம் முன்கூட்டியே பேசிவைத்தோம்.

விடுப்பை முழுவதுமாக ஒரே தொடராக எடுத்துவிடாதீர்கள் என்பது என் கருத்து. முதலாளி ஒத்துக்கொண்டால் 12 மாதத்துக்குள் பிரித்து எடுக்கலாம். ஒத்துக்கொள்ளாவிட்டால் 16 வாரத்துக்குள் தொடர்ச்சியாக. நான் பாதியை வைத்திருந்து, பத்தியச் சமையல் முடித்து மாமியார் ஈப்போவுக்குக் கிளம்பியபோது எடுத்தேன். வீடு உண்மையில் திண்டாடியது அப்போதுதான்.

உட்லண்ட்ஸ் தமிழ்ச்செல்வி:

தம்பி, அப்பாக்களுக்கு இது எளிது. எனக்கு ஆறாம் மாதத்தில் நேர்முகம். முதல் இரண்டு பேறுகளுக்கு 16 வார விடுப்பில் முதல் 8 வாரச் சம்பளத்தை முதலாளியே ஏற்க வேண்டும். சிறிய நிறுவனம் என் வயிற்றைப் பார்த்துத் தயங்கியதன் கணக்கு அதுதான். புரிகிறது, ஆனாலும் வலித்தது. குறுகியகால ஒப்பந்த வேலைகளே கிடைத்தன. மகப்பேற்று விடுப்புக்குத் தேவையான 3 மாதம் ஒரே இடத்தில் நிறையவில்லை. ஆனால் பிறப்புக்கு முந்தைய 12 மாதத்தில் மொத்தம் 90 நாள் வேலை செய்திருந்தால் அரசாங்கத்தின் மகப்பேற்று உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம். ஒப்பந்தக் கடிதங்களையும் சம்பளச் சீட்டுகளையும் தூக்கி எறியாதீர்கள், தங்கைகளே.

தெம்பனிஸ் மாமா:

அரசாங்கம் தரும் குழந்தை போனஸை நம்பி வேலையை விடலாமா, தம்பி?

செங்காங் ஓட்டுநர்:

வேண்டாம், மாமா. முதல் குழந்தைக்கு 11,000 வெள்ளி என்பது கேட்கப் பெரிதாக இருக்கும். அது ஆறரை வயது வரை துண்டு துண்டாக வருகிறது. பயிற்சிக் காலத்தில் வீட்டை ஓட்டியது மனைவியின் சம்பளம்தான்.