ஷப்ரோலின் ‘லா ஃபாம் அன்ஃபிதேல்’ (1969): படம் மனைவியைப் பற்றியதா, கணவனைப் பற்றியதா?

செவ்வானம்77
கிளைமாக்ஸ் வரைக்கும் பேசியாகணும், படம் பார்க்காதவங்க இதோட நிறுத்திக்கலாம்.

பிரெஞ்சு இயக்குநர் குளோத் ஷப்ரோலின் இந்தப் படத்தைத் தலையில தூக்கி வெச்சு ஆடுறவங்களுக்கு ஒரு கேள்வி. தலைப்பே துரோகம் செய்த மனைவியைப் பத்தினது. ஆனா மனைவி எலேன் எப்படிக் காதலன் விக்டரைச் சந்திச்சா, ஏன் போனா, எதுவும் கிடையாது. படம் தொடங்கும்போதே உறவு நடந்துக்கிட்டிருக்கு. அதுக்கப்புறம் எல்லாமே கணவன் ஷார்ல்தான்: சந்தேகப்படுறான், துப்பறியும் ஆளை வைக்கிறான், கொல்றான், துடைக்கிறான். ஏட்ரியன் லைன் 2002ல ‘அன்ஃபெயித்ஃபுல்’னு இதை ரீமேக் பண்ணப்போ முதல்ல இந்த ஓட்டையைத்தான் அடைச்சார். அதுல மனைவியா வர்ற டயான் லேன், காதலனைப் பார்த்துட்டு ரயில்ல வீடு திரும்புற காட்சியைப் பாருங்க. சிரிப்பு, கூச்சம், அருவருப்பு எல்லாம் ஒரே முகத்துல மாறி மாறி ஓடும். ஆஸ்கர் நாமினேஷன் சும்மா வரலை.

கத்தரிக்கோல்
ரயில் காட்சி நல்லாதான் இருக்கு. ஆனா அது வேற படம். ஷப்ரோலுக்கு உறவு எப்படித் தொடங்குச்சுங்கிறது தேவையே இல்லை. தெரிஞ்சப்புறம் ஒரு ஒழுங்கான குடும்பம் என்ன பண்ணும்ங்கிறதுதான் அவர் கேள்வி.

கொலைக் காட்சியை அவர் கட்டின விதத்தைப் பாருங்க. விக்டர் வீட்டுக்கு ஷார்ல் கோபமா போகலை. நானும் என் மனைவியும் ஒருத்தரை ஒருத்தர் கேள்வி கேட்டுக்கிறதில்லைன்னு பொய் சொல்றான். விக்டரும் நம்பி, குடிக்கக் கொடுத்து, வீட்டையே சுத்திக் காட்டுறான். படுக்கையறையில ஒரு பெரிய லைட்டர். கல்யாண நாளுக்கு ஷார்லே எலேனுக்கு வாங்கிக் கொடுத்தது. கட்டில்ல அவங்களைச் சேர்த்துப் பார்த்திருந்தாகூட ஷார்லா நடிச்ச மிஷேல் பூகே முகம் அப்படி வெளிறியிருக்காது. கைக்கு எட்டுன கல் சிலையை எடுத்து மண்டையில போடுறான். பின்னணியில இசையை ஏத்தி நம்மைத் தயார்படுத்தவும் இல்லை.

அதுக்கப்புறம்தான் நிஜமான த்ரில்லர். ரத்தத்தைத் துடைக்கிறது, கைரேகையை அழிக்கிறது, பிணத்தைத் துணியில சுத்தி இழுத்துட்டுப் போய் கார் டிக்கியில ஏத்துறது, எல்லாமே பேச்சே இல்லாம, அவசரப்படாம. எடிட்டிங்ல இதை வெட்டிச் சுருக்கியிருந்தா அவன் ஒரு கொலைகாரன், அவ்வளவுதான். வெட்டாம விட்டதால, தரையை நேர்த்தியா துடைக்கிற ஒரு இன்ஷூரன்ஸ்காரர் தெரியுறார். வழியில பின்னாடி வந்த வண்டி டிக்கியிலேயே இடிக்குது, கூட்டம் கூடுது, போலீஸ்காரரும் வர்றார். அந்த இடத்துல நாம யார் பக்கம் இருக்கோம்னு யோசிச்சுப் பாருங்க.

பாரிஸ்டர் பக்கிரி
சட்டத்தை யாருமே தொடலையே. 1810ஆம் வருஷத்து பிரெஞ்சு தண்டனைச் சட்டம் 324ஆவது பிரிவின்படி, மனைவியும் கள்ளக்காதலனும் கையும் களவுமா பிடிபட்ட அந்த நொடியிலேயே, அதுவும் குடும்ப வீட்டுக்குள்ளேயே, கணவன் கொன்னா தண்டனை வெகுவா குறையும்: 1 முதல் 5 வருஷம் ஜெயில். இது 1975 வரைக்கும் இருந்தது. அதாவது படம் வந்தப்போ அமல்ல இருந்த சட்டம்.

ஷார்லுக்கு அந்தச் சலுகை கிடைக்காது. சம்பவம் நடந்தது பாரிஸை ஒட்டின நுய்யியில, காதலன் வீட்டுல. எலேன் அங்கே இல்லவே இல்லை. ஆயுதம் கொண்டுபோகலைங்கிறதால, திட்டமிடாத கொலைன்னு வக்கீல் வாதாடலாம். ஆனா துப்பறியும் ஆளை வெச்சு விலாசம் வாங்கினது, போய் நண்பன் மாதிரி நடிச்சது, இதையெல்லாம் அரசுத் தரப்பு அடுக்கினா? திட்டமிட்ட கொலைக்கு அப்போ தலையை வெட்டுற கில்லட்டின். அது ஒழிஞ்சது 1981லதான்.

செவ்வானம்77
பக்கிரி அண்ணே, நீங்க என் வாதத்துக்குத்தான் வலு சேர்க்கிறீங்க. அதே சட்டத்துல கள்ள உறவு வெச்ச மனைவிக்கு 3 மாசம் முதல் 2 வருஷம் வரைக்கும் சிறை இருந்ததே. கணவன் வைப்பாட்டியை வீட்டுலயே கொண்டுவந்து வெச்சிருந்தாகூட வெறும் அபராதம்தான். அப்போ அதிகமா பயப்பட வேண்டியவ எலேன் இல்லையா? அந்தப் பயத்துக்கு ஏன் ஒரு ஷாட்கூட இல்லை?

பாரிஸ்டர் பக்கிரி
தம்பி, அந்த வழக்கை கணவன் புகார் கொடுத்தாதான் எடுக்க முடியும். தீர்ப்பு வந்தப்புறமும் அவளைத் திரும்ப ஏத்துக்கிட்டான்னா தண்டனை அதோட நின்னுடும். ஷார்ல் புகார் கொடுக்கிற ஜாதியா?

வெட்டிப்பேச்சு
எனக்கு உறுத்துறது வேற. போலீஸ் விக்டரின் விலாசப் புத்தகத்துல எலேன் பேரைப் பார்த்துட்டு வீட்டுக்கு வருது. ரெண்டு பேரும் மழுப்புறாங்க. சரி. ஆனா காசு வாங்கிட்டு விக்டரின் பேரையும் விலாசத்தையும் எழுதிக் கொடுத்த அந்தத் துப்பறியும் ஆள்? விக்டரைக் காணோம்னு தெரிஞ்சதும் அவன் ஸ்டேஷனுக்கு ஒரு போன் போட்டா கதை முடிஞ்சது. டிக்கி நசுங்கின கார் வேற. 98 நிமிஷப் படத்துல இதுக்கு ரெண்டு நிமிஷம் இல்லையா?

கத்தரிக்கோல்
கடைசியில போலீஸ் ஏன் திரும்பி வருதுன்னு நினைக்கிறீங்க? அந்த ஆள் வாயைத் திறந்திருக்கலாம். என்ன ஆதாரம் கிடைச்சதுன்னு ஷப்ரோல் சொல்லலை, நாம ஊகிக்க விட்டுட்டார்.

செவ்வானம், எலேனுக்கு ஷாட் இல்லைன்னீங்க. ஷார்ல் கோட்டுப் பையில விக்டர் போட்டோ, பின்னாடி பேரு, விலாசம். அவ அதை எடுத்துப் பார்க்கிறா, எரிக்கிறா. அழுகை, கேள்வி, சண்டை எதுவும் இல்லை. அப்புறம் தோட்டத்துல கணவன்கிட்ட வந்து நிக்கிறா. எலேனா நடிச்ச ஸ்தெஃபான் ஓத்ரான் முகத்துல ஒரு சின்னத் தளர்வு, அவ்வளவுதான். இந்தக் கல்யாணத்துல மறுபடியும் காதல் வர ஒரு கொலை தேவைப்பட்டிருக்கு. அதுதான் படத்தோட விஷம்.

அப்புறம் அந்தக் கடைசி ஷாட். போலீஸோட போற ஷார்ல் பார்வையில எலேனும் பையனும். கேமரா பின்னாடி நகருது, அதே நேரம் ஜூம் முன்னாடி போகுது. இது லேசான வேலை இல்லை: ரெண்டு வேகமும் கொஞ்சம் பிசகினாலும் உருவம் ஊதிச் சுருங்கும், கேமரா நகர நகர ஃபோகஸையும் கூடவே மாத்தணும். ஒளிப்பதிவாளர் ஷான் ரபியே அதைப் பிசகாம முடிச்சிருக்கார். உடம்பு போயிடுச்சு, கண்ணு அங்கேயே நிக்குது.

செவ்வானம்77
ஷாட் பிரமாதம், மறுக்கலை. ஆனா அதுவும் ஷார்லோட கண்ணுதானே! போட்டோவை எரிக்கிற காட்சியை அவ பக்கத்துலேர்ந்து இன்னும் ஒரு நிமிஷம் நீட்டியிருந்தா நான் இந்த இழையே தொடங்கியிருக்க மாட்டேன். பையனோட ஜிக்சா படப்புதிர்ல தொலைஞ்ச ஒரு துண்டுக்கு நின்னு நிதானமா நேரம் கொடுத்தவருக்கு, இது முடியாததா?