பழைய மெஷின் சாமான் வாங்கப் போனால்: சிங்கப்பூர் யார்டுகளில் பார்த்தது

துவாஸ் மெக்கானிக்:

கொமாட்சு பிசி200-6 மண் தோண்டும் மெஷினுக்குப் பழைய ஹைட்ராலிக் பம்ப் வாங்கலாமா என்று கேட்ட தம்பிக்கு: தாராளமாக வாங்கலாம். ஆனால் கழற்றித் துடைத்து ரேக்கில் வைத்திருக்கும் பம்பை வாங்காதே. மெஷினில் மாட்டியபடி இருக்கும் பம்பைத் தேடிப் போ.

போன வருஷம் எங்கள் கம்பெனி மெஷினுக்காக, பழைய மெஷின்களை உரித்து விற்கும் யார்டுகளைத் தேடி சுங்கை காடுட் பக்கம் அலைந்தோம். முதலில் போன யார்டில் பம்ப் புதுப் பெயிண்டோடு பலகை மேல் உட்கார்ந்திருந்தது. எந்த மெஷினிலிருந்து வந்தது என்று கேட்டால், "ஜப்பான் மெஷின் லா, சேம் சேம்" என்றார் தவுக்கே, அதாவது யார்டு முதலாளி. பிசி200-6ல் 6டி95 எஞ்சின் போட்டதும் உண்டு, 6டி102 போட்டதும் உண்டு. பம்ப் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும், பார்ட் நம்பர் வேறு, கன்ட்ரோலரும் வேறு. நம்பர் தகட்டையும் சேர்த்துப் பெயிண்ட் அடித்திருந்தார்கள். கொஞ்சம் சுரண்டிப் பார்க்கலாமா என்றேன். அவர் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டு, சரி அங்கிள், அப்புறம் வருகிறோம் என்று கிளம்பிவிட்டோம்.

இன்னொரு யார்டில் பூம் (தூக்கும் கை) இல்லாத மெஷின் ஒன்று சேற்றோடு நின்றது. பார்க்க அலங்கோலம். ஆனால் மெஷின் சீரியல் நம்பர், எஞ்சின் தகடு, பம்ப் மூன்றும் கழற்றப்படாமல் ஒரே இடத்தில் இருந்தன. ஹைட்ராலிக் டேங்கின் ரிட்டர்ன் ஃபில்டரைத் திறக்கலாமா என்று கேட்டேன். "திற, நீயே திரும்ப மூடு" என்றார் அந்தத் தவுக்கே.

நிறைய பேர் எண்ணெய் வடிக்கும் டிரெயின் பிளக்கில் உள்ள காந்தத்தைப் பார்ப்பதோடு சரி. காந்தம் இரும்பைத்தான் பிடிக்கும். பம்புக்குள் பிஸ்டன் நுனியில் இருக்கும் ஷூ தேய்ந்தால் வருவது பித்தளைத் தூள், அது ஒட்டாது. ஃபில்டர் மடிப்பை விரலால் விரித்து, போன் டார்ச்சைச் சாய்த்து அடித்தால்தான் தெரியும். அந்த மெஷினில் மடிப்புக்கு மடிப்பு ஜரிகை போல மின்னியது. தவுக்கேயும் எட்டிப் பார்த்தார், ஒன்றும் பேசவில்லை, பின்னால் நின்ற இன்னொரு மெஷினைக் கை காட்டினார். அதில் ஃபில்டர் கறுத்துப்போய் அழுக்காக இருந்தது, மினுமினுப்பு இல்லை. அதைத்தான் எடுத்தோம். பெயிண்ட் அடித்த பம்பைவிட விலையும் குறைவு.

கழற்றிய கையோடு எல்லா ஓட்டையையும் பிளக் போட்டு அடைக்கச் சொல். இந்த ஊர் மழையில் ஒரு ராத்திரி திறந்து கிடந்தால் போச்சு. மாட்டும்போது பம்ப் கேஸில் எண்ணெய் நிரப்பாமல் ஸ்டார்ட் பண்ணாதே. எல்லாவற்றையும்விட முக்கியம், உன் மெஷினின் டேங்க், கூலர், பைப்பைக் கழுவுவது. பழைய பம்ப் கொட்டிய தூள் உள்ளேயே இருந்தால், வாங்கிய பம்பும் அதே வழியில்தான் போகும். அப்புறம் யார்டுக்காரரைத் திட்டிப் பிரயோஜனம் இல்லை.

பார்ட்ஸ் கவுண்டர்:

அண்ணன் எஞ்சின் தகடு பற்றிச் சொன்னதால் இதையும் சொல்லிவிடுகிறேன். மெஷின் பெயரைச் சொல்லியே தேடுகிறவர்களுக்குக் கிடைக்கிற சாமானில் பாதி கண்ணில் படாது, ஒரே எஞ்சின் வேறு வேறு பெயரில் வரும். கொமாட்சு 6டி102 கம்மின்ஸ் 6பிடி 5.9 குடும்பம். பிசி200-8ல் வரும் 6டி107, கம்மின்ஸ் கியூஎஸ்பி 6.7 குடும்பம். கேட்டர்பில்லர் 320சியில் இருக்கும் 3066, உண்மையில் மிட்சுபிஷி எஸ்6கே. கோபெல்கோ எஸ்கே200-8ல் இருப்பது ஹினோ ஜே05ஈ. இசுசு 6பிஜி1 ஹிட்டாச்சியிலும் வரும், சுமிட்டோமோவிலும் வரும்.

புதுக்கோட்டைக்கார ஃபோர்மேன் ஒருவர் ஹிட்டாச்சி ஈஎக்ஸ்200-5க்கு சிலிண்டர் ஹெட் வேண்டும் என்று காலையிலிருந்து போன் போட்டு ஓய்ந்துபோய் எங்கள் கவுண்டருக்கு வந்தார். "ஹிட்டாச்சி என்று கேட்காதீங்கண்ணே, 6பிஜி1 என்று கேளுங்க" என்று சொல்லி, சுமிட்டோமோ மெஷின் உரித்துப் போட்டிருந்த யார்டு ஒன்றைக் காட்டினேன். மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னாலேயே ஹெட் கிடைத்துவிட்டது. அதை நேரே மாட்டாமல் மெஷின் ஷாப்பில் பிரஷர் டெஸ்ட் கொடுத்துவிட்டுத்தான் எடுத்துப் போனார், அது புத்திசாலித்தனம். ஹெட்டில் வால்வுகளுக்கு நடுவே ஓடும் மயிரிழை வெடிப்பு கண்ணுக்குத் தெரியாது.

ஒரே எஞ்சின் என்பதால் எல்லாம் பொருந்தும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஆயில் பேன், ஃபிளைவீல் ஹவுசிங், ஃப்யூல் பம்ப் செட்டிங் எல்லாம் மெஷினுக்கு மெஷின் மாறும்.

முழு எஞ்சினை வெளிநாட்டிலிருந்து இறக்க நினைப்பவர்களுக்கு ஒரு விஷயம். இங்கே ஓட்டுவதற்காகக் கொண்டுவரும் சாலைக்கு வெளியே பயன்படும் டீசல் எஞ்சின்கள், 2012 ஜூலை 1 முதல் ஐரோப்பாவின் ஸ்டேஜ் 2, அமெரிக்காவின் டியர் 2, ஜப்பானின் டியர் 1 இவற்றில் ஏதாவது ஒரு புகை அளவுக்குள் இருக்க வேண்டும் என்பது தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் விதி. விலை மலிவு என்று பணம் கட்டுவதற்கு முன்னால் எஞ்சின் தகட்டின் படத்தைக் கேட்டு வாங்குங்கள்.

கிரேன் சூப்பர்வைசர்:

நீங்கள் எல்லாரும் மண் தோண்டுகிற ஆட்கள், உங்களுக்கு இந்தச் சுதந்திரம் இருக்கிறது. கிரேனில் நான் பழசு வாங்குவது சீட், கேபின் கண்ணாடி, ரேடியேட்டர், ஆல்டர்னேட்டர், இந்த மாதிரி சாமான்தான். சுமை தூக்கும் ஹூக் பிளாக், வயர் ரோப், பூம் செக்‌ஷன் பக்கம் போகவே மாட்டேன்.

ஒரு புரோக்கர் பூம் செக்‌ஷன் படம் அனுப்பினார். நேராக, அழகாக, கொடுக்கிற விலையைக் கேட்டால் முதலாளி அன்றைக்கே செக் எழுதுவார். நான் கேட்டது ரெண்டே விஷயம்: அந்தக் கிரேனின் கடைசிப் பரிசோதனைச் சான்றிதழ் எங்கே, அதை எதற்காக உரித்தார்கள்? பதிலுக்குக் கட்டைவிரல் படம் ஒன்று வந்தது. கவிழ்ந்த கிரேனில்கூட வளையாத பாகம் என்று ஒன்று இருக்கும், பெயிண்ட் அடித்தால் அதற்கும் ஆள் வருவார்கள்.

இங்கே கிரேனை அங்கீகாரம் பெற்ற பரிசோதகர் குறைந்தது 12 மாதத்துக்கு ஒரு தடவை பார்த்தாக வேண்டும், ஆள் தூக்கும் மெஷின் என்றால் 6 மாதம். அவர் வந்து இந்த பூம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் கட்டைவிரலையா காட்டுவது?

ஆப்பரேட்டர், ஜூரோங்:

மெஷின் நகர்ந்து போகும் அடிச் செயின் பற்றி யாரும் சொல்லவில்லையே. பழைய செயின் வாங்கப் போனால் டேப் எடுத்துப் போங்கள். பிசி200 செயினில் லிங்க்குகளை இணைக்கும் ஒரு பின்னின் நடுவிலிருந்து அடுத்த பின்னின் நடுவரை 190 மி.மீ. செயினை இழுத்து விறைப்பாக வைத்து நாலு லிங்க் அளந்தால் புதுசு 760 காட்ட வேண்டும். எவ்வளவு கூடுதலாகக் காட்டுகிறதோ அவ்வளவு தேய்மானம். கறுப்புப் பெயிண்ட் டேப்பை ஏமாற்றாது.

துவாஸ் மெக்கானிக்:

சரியான பாயிண்ட். ஆனால் செயின் மேல் உருளும் ரோலரைப் பழசாக வாங்காதீர்கள் என்பேன். டூப்ளிகேட் அல்லாத மாற்றுக் கம்பெனி ரோலர் புதுசே கட்டுப்படியாகும். கழற்றி மாட்டுகிற கூலி ரெண்டுக்கும் ஒன்றுதான்.

கணக்குப்பிள்ளை:

நான் மெஷின் தொட்டதில்லை, பில் மட்டும் பார்க்கிறவன். எங்கள் ஆள் வாங்கிவந்த, மெஷினின் மேல்பாகத்தைச் சுழற்றும் ஸ்விங் மோட்டார் மாட்டியதும் கசிந்தது. விற்றவர், "வாங்கி ரெண்டு வாரம் ஆகிவிட்டதே" என்றார். சாமான் வந்த பிறகு மெஷின் சைட்டில் சிக்கிக்கொண்டதால் ஒர்க் ஷாப்புக்கு வரவே நாளாகிவிட்டது, அவருக்கு அதைப் பற்றி என்ன கவலை. நல்லவேளை, வாரண்டி மாட்டிய தேதியிலிருந்து என்று பில்லிலேயே எழுதி வாங்கியிருந்தோம். முணுமுணுத்துக்கொண்டே மாற்றிக் கொடுத்தார்.

பழுதான சாமானுக்குப் பரிகாரம் தரும் லெமன் சட்டம் இருக்கிறதே என்று சிலர் நினைக்கிறார்கள். 2012 செப்டம்பரில் வந்த அது சொந்த உபயோகத்துக்கு வாங்குகிற நுகர்வோருக்குத்தான். கம்பெனி தொழிலுக்கு வாங்கினால் அதில் வராது. சண்டை முற்றினால் ஸ்மால் கிளெய்ம்ஸ் என்னும் சிறு வழக்கு மன்றத்துக்குப் போகலாம், 20,000 வெள்ளி வரை, ரெண்டு பக்கமும் ஒத்துக்கொண்டால் 30,000 வரை, 2 வருஷத்துக்குள். அங்கேயும் பில் இருந்தால்தான் பேச்சு. ரொக்கம் கொடுத்தால் 9 சதவீத ஜிஎஸ்டி இல்லை, பில்லும் இல்லை என்று சொல்கிற இடத்தில் எங்கள் ஆட்களை வாங்க விடுவதில்லை.

இன்னொன்று, யார்டுக்காரர்கள் போல்ட் தலையில் மஞ்சள் பெயிண்ட் கோடு போட்டுத் தருவார்கள். கோடு கலைந்திருந்தால் நீ திறந்துவிட்டாய், வாரண்டி இல்லை என்பார்கள். லோரியில் ஏற்றும் முன்பே அந்தக் கோட்டையும் சீரியல் நம்பரையும் படம் பிடித்து, அவர் போனுக்கே அனுப்பிவிடுங்கள்.