பழைய கம்பெனி நெகட்டிவா சொல்லிட்டாங்க. சட்டப்படி சொல்லலாமா? அவசரம்!!

குழப்பத்தில்_கோவை | 2024 ஆகஸ்ட் 20, இரவு 11.42
வணக்கம். யாராச்சும் முழிச்சிருந்தா சொல்லுங்க. புது கம்பெனி எடுத்த பிஜிவி (பேக்ரவுண்ட் வெரிஃபிகேஷன், பின்னணி சரிபார்ப்பு) ரிப்போர்ட் ஆம்பர்னு, அதாவது ஏதோ இடிக்குதுன்னு வந்திருக்கு. ஹெச்ஆர் போன் பண்ணி "முந்தின எம்ப்ளாயர்கிட்ட இருந்து வந்தது சரியில்ல, வெள்ளிக்கிழமைக்குள்ள விளக்கம் குடுங்க"ன்னு சொல்லிட்டு வச்சுட்டாங்க. மூணரை வருஷம் அங்க மாடா உழைச்சேன். போற இடத்துல இப்படிப் போட்டுக் குடுக்க அவங்களுக்கு உரிமை இருக்கா? கேஸ் போட முடியுமா?

கேள்விக்குறி | 11.58
என்ன சரியில்லையாம்? ரிலீவிங் லெட்டர் இருக்கா? நோட்டீஸ் பீரியட் முழுசா இருந்தீங்களா? ஒண்ணுமே சொல்லாம கேஸ் போடலாமான்னா எப்படிங்க.

பெருங்குடி_பாண்டி | ஆகஸ்ட் 21, நடுராத்திரி 12.10
ப்ரோ, இது உங்க மேனேஜர் வேலை. எழுதி வச்சுக்கோங்க. நான் பேப்பர் போட்டப்போ எங்காளு மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு ஒரு மாசம் பேசல. அப்புறம் ரெஃபரன்ஸ் கால் வந்தப்போ "பையன் நல்லவன்தான், ஆனா..."ன்னு ஒரு இழுப்பு இழுத்தாராம். அந்த "ஆனா" போதும், ஆஃபர் போயிடுச்சு.

வாய்தா_வரதன் | 12.31
நெகட்டிவ் ரெஃபரன்ஸ் குடுக்கறதே சட்டவிரோதம். பேரு, பதவி, சேர்ந்த தேதி, விட்ட தேதி, அவ்வளவுதான். அதுக்கு மேல வாயைத் திறந்தா ஐபிசி (இந்திய தண்டனைச் சட்டம்) 499, அவதூறு கேஸ். வக்கீல் நோட்டீஸ் ஒண்ணு விடுங்க, அலறிட்டு வருவாங்க.

முதல்_பெஞ்ச் (மூத்த உறுப்பினர்) | காலை 6.05
இழை திறக்கும் முன் தேடிப் பார்க்கவும் என்று இந்தப் பகுதியின் தலையிலேயே எழுதியிருக்கிறது. படிப்பவர்கள் குறைவு.

வரதன், ஜூலை 1-ஆம் தேதியிலிருந்து ஐபிசியே கிடையாது. அவதூறு இப்போது பாரதிய நியாய சன்ஹிதா 356. அதைப் படித்திருந்தால் விதிவிலக்குகளையும் பார்த்திருப்பீர்கள். தன்னுடைய அல்லது அடுத்தவருடைய நலனைக் காக்க நல்லெண்ணத்தோடு சொன்னது அவதூறாகாது. கேட்ட கம்பெனிக்கு பழைய கம்பெனி உள்ளதைச் சொன்னால் அதில்தான் போய் நிற்கும். நீங்கள் சொல்லும் நான்கு விவரம் சட்டம் அல்ல, வம்பு வேண்டாம் என்று கம்பெனிகள் தாங்களே போட்டுக்கொண்ட பாலிசி. பொய் என்று தெரிந்தே சொல்லியிருந்தால் அது வேறு.

வாய்தா_வரதன் | 7.20
நம்பர் மாறினா விஷயம் மாறிடுமா சார்? நல்லெண்ணம்னு நிரூபிக்க வேண்டியது அவங்கதானே.

குழப்பத்தில்_கோவை | 8.50
லெட்டர் இருக்கு. நோட்டீஸ் 90 நாள், 62 நாள் இருந்தேன். மீதி நாளுக்கு எஃப் அண்ட் எஃப்ல (கடைசி கணக்குத் தீர்க்கறப்போ) பணம் பிடிச்சுட்டாங்க. நான் கேட்டது அது இல்லையே, சொல்லலாமா கூடாதான்னுதான் கேட்டேன்.

கேள்விக்குறி | 8.55
இதைத்தானய்யா நேத்தே கேட்டேன். புது இடத்துல சேர்ந்தாச்சா, இல்ல இனிமேதானா?

ரிட்டயர்டு_ஹெச்ஆர்_அக்கா | 9.40
தம்பி, கொஞ்சம் நிதானமா கேளுங்க. இருபது வருஷம் அந்தப் பக்கம் உக்காந்து இந்த ஃபார்மை நிரப்பினவ நான். யாரும் யாரையும் போன்ல உக்காந்து திட்டறது இல்ல. வெரிஃபிகேஷன் ஏஜென்சி ஒரு படிவம் அனுப்புவான். எம்ப்ளாயி கோடு, பதவி, தேதிகள், கடைசி சம்பளம், விலகின காரணம், டியூஸ் பாக்கியா, ஒழுங்கு நடவடிக்கை உண்டா, கடைசியா "மறுபடி வேலைக்கு எடுப்பீங்களா". ஹெச்ஆர்ல இருக்கற சின்னப் பொண்ணு சிஸ்டத்தைப் பாத்து டிக் அடிச்சு அனுப்பும். உங்க மேனேஜருக்கு அது போனதே தெரியாது.

நோட்டீஸ் முழுசா இல்லைன்னா, பணம் கட்டியிருந்தாலும் பல இடத்துல "மறுபடி எடுக்க மாட்டோம்"னு தானாவே விழும். ஆனா அது மட்டும்னா பெரும்பாலும் யாரும் விளக்கம் கேக்க மாட்டாங்க. ஆம்பர்னா முக்கால்வாசி தேதி இடிக்குதுன்னு அர்த்தம். ரெண்டு வேலை செய்யுங்க. ரிப்போர்ட்ல அந்த வரி என்னன்னு மெயில்ல கேளுங்க, போன்ல கேக்காதீங்க. அடுத்து, பிஎஃப் தளத்துல உங்க யுஏஎன் (எந்தக் கம்பெனிக்குப் போனாலும் மாறாத பிஎஃப் எண்) போட்டு சர்வீஸ் ஹிஸ்டரியைப் பாருங்க. அதுல வேலையை விட்ட தேதியும் ரிலீவிங் லெட்டர்ல இருக்கற தேதியும் ஒண்ணான்னு பாருங்க.

பெருங்குடி_பாண்டி | 9.52
அக்கா சொல்றது சரிதான், ஆனாலும் எனக்கு மேனேஜர் மேலதான் டவுட்.

லண்டன்_கந்தையா | மதியம் 1.15
தம்பி, இஞ்சயும் உந்தக் கதை இருக்கு. பழைய முதலாளி குறை சொல்லி எழுதேலாது எண்டு சனம் நம்பிக்கொண்டிருக்கு. எழுதலாம். உண்மையா, நேர்மையா இருந்தாச் சரி. வேலையால நிப்பாட்டினதெண்டா அதையும் காரணத்தையும் சேத்து எழுதலாம். சில துறையைத் தவிர, ரெஃபரன்ஸ் குடுக்கவே வேணுமெண்டும் இல்லை. ஆனா 1994-ல ஸ்பிரிங் எதிர் கார்டியன் அஷூரன்ஸ் வழக்கில, கவனமில்லாமப் பிழையா எழுதினா முதலாளி பொறுப்பு எண்டு, அப்ப இஞ்ச ஆக மேலான கோட்டா இருந்த பிரபுக்கள் சபை சொல்லிப்போட்டுது. இப்ப கன இடத்தில திகதியும் பதவியும் மட்டும்தான் குடுக்கினம். என்ன எழுதினவை எண்டு பாக்கவும் ஏலாது, ரகசியமாக் குடுத்த ரெஃபரன்ஸுக்கு 2018 தரவுச் சட்டத்தில விலக்கு இருக்கு.

முதல்_பெஞ்ச் | 1.40
கேட்டவர் கோவை. லண்டன் சட்டம் அவருக்கு எதற்கு? இங்கே 2023-இல் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது, இந்த 2024 ஆகஸ்ட் வரை அதன் விதிகள் வரவில்லை. அதை வைத்துக் கேட்டுப் பயனில்லை.

லண்டன்_கந்தையா | 1.58
தெரிஞ்சதைச் சொன்னன் ஐயா. தேவையில்லையெண்டா விடுங்கோ.

அம்பத்தூர்_ஆனந்தி | 3.05
நடுவுல வர்றதுக்கு மன்னிக்கணும். என்கிட்ட ரெண்டு கேரக்டர் ரெஃபரன்ஸ் கேட்டிருக்காங்க. கெஜட்டட் ஆபீசர்கிட்ட பச்சை மையில வாங்கணுமா?

கேள்விக்குறி | 3.11
பிரைவேட் கம்பெனிக்கா? அதெல்லாம் அரசு வேலைக்கு. உங்க பழைய டீம் லீட், காலேஜ் ஹெச்ஓடி பேரைக் குடுங்க. குடுக்கறதுக்கு முன்னாடி அவங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லிடுங்க. என் நம்பரைக் கேக்காமக் குடுத்துட்டான் ஒருத்தன். ஏஜென்சி கூப்பிட்டப்போ "எந்த சுரேஷ்?"னு கேட்டுட்டேன், பாவம்.

வாய்தா_வரதன் | 3.30
பச்சை மை இல்லைன்னா செல்லாது.

முதல்_பெஞ்ச் | 3.34
எந்த விதியில் இருக்கிறது? பதவி முத்திரையும் கையெழுத்தும்தான் கணக்கு.

வாய்தா_வரதன் | 3.41
எங்க ஊர் தலைமை ஆசிரியர் நீல மையில போட்டுக் குடுத்தாரு, கவுன்டர்ல திருப்பி அனுப்பிட்டான். விதி உங்க புக்ல இருக்கும் சார், கவுன்டர்ல இருக்கறது வேற.

பெருங்குடி_பாண்டி | 3.50
எனக்குக் குடுத்தவர் "இவரைக் கடந்த மூன்று ஆண்டுகளாக நன்கறிவேன்"னு எழுதினாரு. அவர் என்னைப் பாத்தது மொத்தம் மூணு நிமிஷம். அதுல ரெண்டு நிமிஷம் பேனா தேடினாரு.

குழப்பத்தில்_கோவை | ஆகஸ்ட் 22, இரவு 9.15
அக்கா, நீங்க சொன்னதுதான். ரிலீவிங் லெட்டர்ல ஜூன் 11. பிஎஃப்ல ஜூலை 9-னு போட்டு வச்சிருக்காங்க. 90 நாளைக் கணக்குப் பண்ணி ஏத்திட்டாங்க போல. நான் இங்க ஜூன் 12-லயே சேர்ந்துட்டேன் (அதைச் சொல்ல மறந்துட்டேன்). அதனால 28 நாள் ரெண்டு கம்பெனியில வேலை பாத்த மாதிரி ரிப்போர்ட்ல இருக்கு. ரீஹையர் "நோ"வும் இருக்கு, ஆனா அதைப் பத்தி இவங்க கேக்கவே இல்ல.

கேள்விக்குறி | 9.18
மறந்துட்டாராம்!

ரிட்டயர்டு_ஹெச்ஆர்_அக்கா | 9.47
அப்போ அவங்க உங்களைப் பத்தி யார்கிட்டயும் தப்பா பேசல தம்பி, தேதியைத் தப்பா ஏத்தியிருக்காங்க. பதில் மெயில்ல ரிலீவிங் லெட்டர், கடைசி பே ஸ்லிப், 28 நாளுக்குப் பணம் பிடிச்ச எஃப் அண்ட் எஃப் தாள் மூணையும் சேருங்க. பணம் பிடிச்சிருக்காங்கன்னாலே அந்த நாள்ல நீங்க அங்க இல்லைன்னு அவங்களே ஒத்துக்கிட்ட மாதிரி. பழைய ஹெச்ஆருக்கு ஒரு மெயில், சண்டை வேண்டாம்: "வெளியேறின தேதியைத் திருத்த பிஎஃப் ஜாயின்ட் டிக்ளரேஷனை (ஊழியரும் கம்பெனியும் சேர்ந்து குடுக்கற திருத்தப் படிவம்) அப்ரூவ் பண்ணுங்க"ன்னு கேளுங்க. வக்கீல் நோட்டீஸ் விட்டீங்கன்னா அந்தத் திருத்தமும் நின்னுடும்.

குழப்பத்தில்_கோவை | 10.02
அனுப்பிட்டேன். தேங்க்ஸ் அக்கா.

அம்பத்தூர்_ஆனந்தி | செப்டம்பர் 9, காலை 10.20
கோவை ப்ரோ, க்ளியர் ஆச்சா?

வாய்தா_வரதன் | 11.05
அவர் வர மாட்டாரு. முதல் பெஞ்ச் சார், நேத்து தாலுகா ஆபீஸ்ல கேட்டுட்டு வந்தேன். பச்சைதானாம்.

முதல்_பெஞ்ச் | 11.09
யார் சொன்னது? பதவி என்ன?

வாய்தா_வரதன் | 11.12
ஜெராக்ஸ் கடைக்காரர்.