அரையாண்டு லீவில் பத்தாம் வகுப்புப் பையனைப் படிக்க வைப்பதா, விட்டுவிடுவதா?

திண்டுக்கல் அம்மா
என் மகன் பத்தாம் வகுப்பு, தமிழ் வழி. அரையாண்டுத் தேர்வில் கணக்கில் 47. பொதுத்தேர்வுக்கு மூன்று மாதம்கூட இல்லை. லீவு ஒன்பது நாள். முதல் நாளே அட்டவணை எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டேன், காலை ஐந்து மணியிலிருந்து இரவு பத்து வரை. போனை வாங்கி பீரோவில் வைத்துப் பூட்டியாகிவிட்டது. இன்றோடு மூன்று நாள். புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான், பக்கம் மட்டும் திரும்புகிறது. நேற்று இரவு என்ன முடித்தாய் என்று கேட்டேன். மூன்று பாடம் சொன்னான். அதிலிருந்து ஒரு கேள்வி கேட்டதற்குப் பதில் வரவில்லை, அழுதுவிட்டான். அவன் அப்பா "லீவுன்னா லீவு, விடு" என்கிறார். எனக்கு மனசு கேட்கவில்லை. மிச்சம் இருக்கும் ஆறு நாளை என்ன செய்வது?

கட்டிங் மாஸ்டர், திருப்பூர்
விட்டுவிடாதீர்கள் அம்மா. அழுதால் அழட்டும், பிறகு உங்களுக்கு நன்றி சொல்வான். நான் பனியன் கம்பெனியில் ஒன்றரை ஷிப்ட் பார்க்கிறேன், மனைவி செக்கிங்கில் இருக்கிறாள். மகள் பன்னிரண்டாம் வகுப்பு. தினமும் நாலு மணிக்கு எழுப்பி உட்கார வைக்கிறேன், லீவிலும் அப்படித்தான். எங்களுக்குச் சொத்தோ சிபாரிசோ கிடையாது, மார்க் ஒன்றுதான் இருக்கிறது. ஓய்வெடு என்று சொல்கிறவர்கள் வீட்டில் கட்டணம் கட்டிச் சேர்க்கப் பணம் இருக்கும். எங்கள் பிள்ளைகளுக்கு அரசுக் கல்லூரியில் இடம் கிடைக்க வேண்டும்.

நர்சிங் மூன்றாம் ஆண்டு
அண்ணா, உங்கள் கவலை எனக்குத் தெரியும். என் அப்பாவும் கூலி வேலைதான். ஆனால் நான் பத்தாம் வகுப்பு படித்தபோது அரையாண்டு லீவு முழுவதும் ஸ்பெஷல் கிளாஸ் வைத்தார்கள். லீவில் வகுப்பு நடத்தக் கூடாது என்று பள்ளிக்கல்வித்துறை சொல்லியும் வைத்தார்கள். ஜனவரியில் பள்ளி திறந்தபோதே எனக்குத் தெம்பு போய்விட்டது. முதல் திருப்புதல் தேர்வில் அரையாண்டைவிடக் குறைந்தது. பதின்ம வயதுப் பிள்ளைகளுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்று எங்கள் பாடத்திலேயே இருக்கிறது. பகலில் படித்தது மூளையில் பதிவதற்கும் அந்தத் தூக்கம்தான் வேலை செய்கிறது. பத்து மணிக்குப் படுத்து நாலு மணிக்கு எழுந்தால் ஆறு மணி நேரம்தான் ஆகிறது.

கட்டிங் மாஸ்டர், திருப்பூர்
தங்கச்சி, எங்கள் வீடு ஒரே அறை. பகலெல்லாம் பக்கத்தில் பவர் டேபிள் தையல் மெஷின் ஓடுகிறது. ராத்திரி பத்து வரை எங்கள் லைன் வீடுகள் எல்லாவற்றிலும் டி.வி. நாலு மணியிலிருந்து ஆறரை வரைதான் அமைதி. அந்த நேரத்தில் படிக்காமல் எப்போது படிப்பாள்?

நர்சிங் மூன்றாம் ஆண்டு
இதை நான் யோசிக்கவில்லை அண்ணா. அப்படியென்றால் விடியற்காலையை விடக் கூடாதுதான். மதியம் ஒரு மணி நேரமாவது தூங்க விடுங்கள். லீவில் அதற்கு வழி இருக்கிறது.

கணக்கு டீச்சர்
பத்தொன்பது வருடமாக அரசுப் பள்ளியில் பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். எத்தனை மணிக்கு எழுப்புவது, எத்தனை மணி நேரம் உட்கார வைப்பது என்றே பேச்சு போகிறது. உட்கார்ந்து அவன் என்ன செய்கிறான் என்று யாரும் கேட்கவில்லையே? அம்மா எழுதியிருக்கிறார்: பக்கம் திரும்புகிறது, பதில் வரவில்லை. படித்த பாடத்தையே மறுபடி படிக்கும்போது எல்லாம் தெரிந்த மாதிரி இருக்கும். பையன் பொய் சொல்லவில்லை, மூன்று பாடம் தெரியும் என்று நம்பித்தான் சொல்லியிருப்பான். மூடி வைத்துவிட்டு வெறும் தாளில் எழுதச் சொன்னால்தான் எது தெரியும், எது தெரியாது என்பது அவனுக்கே விளங்கும்.

அம்மா, அரையாண்டு விடைத்தாள் கையில் இருக்கிறதா? அதை எடுத்து எந்தப் பகுதியில் எத்தனை போயிருக்கிறது என்று இருவரும் சேர்ந்து பாருங்கள். கணக்கில் ஒரு மதிப்பெண் 14, இரண்டு மதிப்பெண் 20, ஐந்து மதிப்பெண் 50, எட்டு மதிப்பெண் 16. இந்த நான்கில் எது ஓட்டையோ அதை அடைக்கத்தான் இந்த லீவு. எட்டு பாடத்தையும் முதலிலிருந்து படிக்க ஆறு நாள் போதாது, தேவையும் இல்லை.

கட்டிங் மாஸ்டர், திருப்பூர்
டீச்சர் மேல் மரியாதை உண்டு. ஆனாலும் கேட்கிறேன். மண்டையில் ஒன்றும் ஏறாதபோது மூடிவைத்து எழுது என்றால் என்ன எழுதுவான்? முதலில் நாலு தடவை படிக்கட்டும், அப்புறம் டெஸ்ட் வைக்கலாம். நாங்கள் எல்லாம் சத்தம் போட்டுப் படித்துத்தானே பாஸ் ஆனோம்.

கணக்கு டீச்சர்
நியாயமான கேள்வி சார். ஒரு தடவை படிக்கத்தான் வேண்டும், அதை நான் மறுக்கவில்லை. நாலாவது தடவையைத்தான் வேண்டாம் என்கிறேன்.

2006இல் அமெரிக்காவில் ரோடிகர், கார்ப்பிக் என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் இதே கேள்வியைச் சோதித்தார்கள். ஒரு பகுதியை ஒரு குழு நான்கு முறை படித்தது. இன்னொரு குழு ஒரே ஒரு முறை படித்துவிட்டு, மூன்று முறை பார்க்காமல் நினைவிலிருந்து எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது நாலு முறை படித்தவர்கள்தான் அதிகம் சொன்னார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது, எழுதிப் பார்த்தவர்களுக்கு 61 சதவீதம் நினைவில் இருந்தது, படித்துக்கொண்டே இருந்தவர்களுக்கு 40. லீவில் படித்ததை நம் பிள்ளைகள் மார்ச், ஏப்ரலில் அல்லவா எழுதப் போகிறார்கள்?

கட்டிங் மாஸ்டர், திருப்பூர்
அது கல்லூரி மாணவர்கள், சின்னப் பகுதி. என் மகள் ஒரு புத்தகம் முழுக்கப் பார்க்க வேண்டும். அதையும் இதையும் ஒன்றாக வைக்க முடியாது.

தமிழய்யா, ஓய்வு
தம்பி சொல்வதில் பாதி உண்மை. செய்யுளை வாய்விட்டுப் படிக்காமல் யாருக்கும் ஓசை பிடிபடாது. மனப்பாடப் பகுதி கட்டாய வினா, அடிபிறழாமல் எழுத வேண்டும். ஆனால் முப்பது வருடம் விடைத்தாள் திருத்தியவன் சொல்கிறேன்: கடகடவென்று ஒப்பித்த பிள்ளை தாளில் ஒற்றெழுத்தை விட்டுவிடும், சீரை மாற்றிப் பிரிக்கும். வாயில் வந்ததெல்லாம் கையில் வருவதில்லை. காலையில் நான்கு முறை சொல்லட்டும், மாலையில் ஒரு முறை பார்க்காமல் எழுதட்டும். எழுதியதை அவனே புத்தகத்தோடு ஒப்பிட்டுச் சிவப்பு மையில் திருத்த வேண்டும். நீங்கள் திருத்திக் கொடுத்தால் பயன் பாதிதான்.

திண்டுக்கல் அம்மா
டீச்சர், விடைத்தாளை எடுத்துப் பார்த்தோம். முதலில் கொடுக்கவே தயங்கினான். திட்ட மாட்டேன் என்று சொன்ன பிறகுதான் கொடுத்தான். ஒரு மதிப்பெண்ணில் 14க்கு 6. இரண்டு மதிப்பெண்ணில் 14. ஐந்து மதிப்பெண்ணில் 27. எட்டு மதிப்பெண் இரண்டுமே எழுதவில்லை, 0. ஏன் என்று கேட்டால் வரைவது வராது, நேரமும் இல்லை என்கிறான். பதினாறு மதிப்பெண்ணை அப்படியே விட்டிருக்கிறான் என்பது இந்த மூன்று நாளில் எனக்குத் தெரியவே இல்லை.

கணக்கு டீச்சர்
மனம் தளராதீர்கள், இது நல்ல செய்தி. இந்த 16தான் கணக்கிலேயே பழகினால் வந்துவிடும் பகுதி. ஒன்று வடிவியல், ஒன்று வரைபடம், இரண்டிலும் 'அல்லது' உண்டு. வடிவியலில் வடிவொத்த முக்கோணம், முக்கோணம் அமைத்தல், தொடுகோடு என்று சில வகைகள்தான் திரும்பத் திரும்ப வரும்.

இப்படிச் செய்து பாருங்கள். நாளை காலை ஒரு தொடுகோடு கணக்கு, புத்தகத்தைப் பார்த்தே வரையட்டும். மாலையில் அதே வகையில் வேறு எண்ணோடு ஒன்று, பார்க்காமல். மறுநாள் தொடுகோட்டைத் தொட வேண்டாம், இருபடிச் சமன்பாட்டு வரைபடத்துக்குப் போகட்டும். மூன்றாம் நாள் தொடுகோட்டுக்குத் திரும்புங்கள். அந்த இடைவெளியில் கொஞ்சம் மறந்திருப்பான். மறந்ததை முயன்று நினைவுக்குக் கொண்டுவரும்போதுதான் நன்றாகப் பதியும், அப்போது திணறினால் உடனே சொல்லிக் கொடுத்துவிடாதீர்கள். வடிவியலில் உதவிப்படம் (ரஃப் டயகிராம்) போடவும் வரைபடத்தில் அளவுத்திட்டம் எழுதவும் பழக்குங்கள், அதை விட்டு மதிப்பெண் இழக்கும் பிள்ளைகளை ஒவ்வொரு வருடமும் பார்க்கிறேன். ஒரு மதிப்பெண்ணுக்கு தினமும் ஒரு பாடத்தின் புக் பேக் (பாட முடிவில் இருக்கும் வினாக்கள்) மட்டும், பதினைந்து நிமிடம். கணக்குக்கு ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரம் போதும். கடைசி இரண்டு நாள் முழுக்க விடுங்கள்.

கட்டிங் மாஸ்டர், திருப்பூர்
இரண்டு நாள் சும்மா விடுவதை என்னால் ஒத்துக்கொள்ள முடியாது. விட்டால் மறுபடி உட்கார வைக்க ஒரு வாரம் ஆகும். அனுபவத்தில் சொல்கிறேன்.

நர்சிங் மூன்றாம் ஆண்டு
எப்போது நிறுத்துவோம் என்று தெரிந்திருந்தால் உட்காருவது கஷ்டமே இல்லை அண்ணா. முடிவே தெரியாத அட்டவணையில்தான் மனம் ஓடிவிடும். அம்மா, அந்த சுவர் அட்டவணையை அவனையே எழுதச் சொல்லுங்கள். மாலையில் போனை ஒரு மணி நேரம் கொடுங்கள். இரவு பத்து மணிக்குக் களைத்திருக்கும்போது கேள்வி கேட்காதீர்கள். எங்கள் அம்மா அப்படிக் கேட்கும்போது தெரிந்த பதிலே எனக்கு வராது.

கட்டிங் மாஸ்டர், திருப்பூர்
போன் விஷயத்தில் நான் மாறப் போவதில்லை. மகளின் நேரத்தையும் குறைக்க மாட்டேன். ஆனால் இன்று விடிகாலையில் ஒன்று செய்தேன். இயற்பியலில் மின் இருமுனையின் அச்சுக்கோட்டில் மின்புலம், ஐந்து மதிப்பெண் வினா. அவள் பத்துத் தடவையாவது படித்திருப்பாள், நானே கேட்டிருக்கிறேன். மூடிவைத்து எழுது என்றேன். பாதியில் நின்றுவிட்டது. அவளுக்கே ஆச்சரியம். புத்தகத்தைத் திறந்து எந்த வரியில் நின்றது என்று அவளே கண்டுபிடித்துவிட்டு, நான் டீ போட்டு வருவதற்குள் மறுபடி எழுதிக்கொண்டிருந்தாள். நாளைக்கும் கேட்பேன்.

கணக்கு டீச்சர்
நாளைக்கு வேறு வினா கேளுங்கள் சார். இதை மூன்று நாள் கழித்து எழுதச் சொல்லுங்கள்.

திண்டுக்கல் அம்மா
பழைய அட்டவணையைக் கிழித்துவிட்டேன். புதிதை அவனே எழுதினான்: காலை ஆறரைக்குக் கணக்கு, பத்து மணிக்கு அறிவியல், நாலு மணிக்கு கிரிக்கெட், ஏழு மணிக்குப் பார்க்காமல் எழுதுவது. கிரிக்கெட்டைப் பார்த்ததும் ஏதோ சொல்ல வந்தேன், சொல்லவில்லை. இன்று தொடுகோடு முதல் தடவை சரியாக வரவில்லை, பென்சில் முனை மழுங்கல் என்றான். இரண்டாவது வந்தது. உதவிப்படம் மறந்துவிட்டான். நான் வாய் திறப்பதற்குள் அவனே புத்தகத்தைப் பார்த்து ஓரத்தில் வரைந்துகொண்டான். நாளை வரைபடம். கிராப் தாள் பத்து வேண்டும் என்கிறான், கடை மூடுவதற்குள் வாங்கி வர வேண்டும்.