தோள்பட்டை வலிக்கு எலாஸ்டிக் டேப்: போட்டுப் பழகியவர்கள் சொல்லுங்களேன்

வணக்கம். அம்மாவுக்காகக் கேட்கிறேன். வயது 58, தையல் வேலை. வலது தோளில் ரொட்டேட்டர் கஃப் (தோள் மூட்டைச் சுற்றிப் பிடித்திருக்கும் தசைகள்) தசைநாண் பாதிப்பு என்கிறார் டாக்டர். கையைத் தூக்கினால் பாதி உயரத்திலேயே வலி பிடித்துக்கொள்கிறது. தலை பின்ன முடியவில்லை, அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுத்தால் தூக்கமும் இல்லை.

பிசியோ, உடற்பயிற்சியோடு கினீசியோ டேப்பும் ஒட்டிவிட்டார். 1970களில் ஜப்பானின் கென்சோ காசே கொண்டுவந்த அதே இழுபடும் டேப்தான். மருத்துவ ஆய்வுகளைச் சேர்த்து அலசும் காக்ரேன் அமைப்பு 2021-ல் இந்த டேப் பற்றி வெளியிட்ட தொகுப்பாய்வைத் தேடிப் படித்தேன்: 23 ஆய்வுகள், 1054 பேர். பலன் உண்டு என்று உறுதியாகச் சொல்லச் சான்று போதவில்லை என்கிறார்கள். அதனால் பயிற்சியை விடப்போவதில்லை. ஆனாலும் டேப் ஒட்டிய அன்று "கொஞ்சம் லேசா இருக்குடா" என்று அம்மா மிஷினில் உட்கார்ந்தார். அதைத் தள்ளிவிட எனக்கு மனசு வரவில்லை.

இப்போது சிக்கல் தோலில். பிரித்த இடம் பட்டையாகச் சிவந்து, ஓரங்களில் பொடிப்பொடியாகக் கொப்புளம், அரிப்பு. சர்க்கரையும் இருப்பதால் பயந்து நிறுத்திவிட்டோம். அடுத்த வாரம் தோல் டாக்டரிடம் காட்டுகிறோம்.

இப்படி ஆனவர்கள் மறுபடி ஒட்டினீர்களா? அதிகமாக இழுத்து ஒட்டியதாலா, பசை ஒத்துக்கொள்ளாததாலா? பயிற்சியால் மட்டுமே கை மேலே வந்தவர்கள் இருந்தால், எத்தனை மாதம் பிடித்தது என்றும் எழுதுங்கள். அம்மாவுக்குப் படித்துக் காட்ட வேண்டும்.