டெக்சஸ் உயர்நிலைப் பள்ளிகளில் குற்றநீதித் தொழிற்பிரிவு: பெற்றோர், மாணவர் அனுபவங்கள்

டாலஸ் பகுதியிலிருந்து ஒரு தாய்:

எங்கள் மகள் எட்டாம் வகுப்பை முடிக்கும் தறுவாயில், பாடத் தேர்வுப் படிவத்தில் ‘சட்டம், பொதுப் பாதுகாப்பு’ என்ற தொழிற்பிரிவைக் குறித்துக்கொண்டு வந்தாள். 2013ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட மாநிலச் சட்டத்தின்படி, இங்கே ஒன்பதாம் வகுப்பில் சேரும் மாணவர்கள் ஐந்து துறைகளில் ஒன்றைத் தெரிவுசெய்ய வேண்டும். காவல், சிறை நிர்வாகம், நீதிமன்றப் பணி ஆகியவை பொதுச் சேவைத் துறையின்கீழ் வருகின்றன. கணினி, மருத்துவம் இரண்டைத் தவிர வேறு படிப்பு நம் வீடுகளில் எளிதில் பேச்சுக்கு வருவதில்லை என்பதால், ‘பெண் பிள்ளையைப் போலீஸ் வேலைக்கா அனுப்பப் போகிறீர்கள்?’ என்று உறவினர்கள் கேட்டார்கள். அந்தக் கேள்வி உங்களில் பலருக்கும் வரக்கூடும் என்பதாலேயே, வகுப்பில் உண்மையில் என்ன நடக்கிறது என்பதைச் சற்று விரிவாக எழுதுகிறேன்.

ஆசிரியர் காவல் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். தொடக்க மாதங்களில் அவர் கற்றுத் தந்தது பெரும்பாலும் எழுத்துதான். ஒரு நாள் பாடம் நடந்துகொண்டிருக்கும்போது முன்பின் தெரியாத ஒருவர் உள்ளே வந்து, மேசைமேல் இருந்த பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அது முன்கூட்டியே ஏற்பாடு செய்யப்பட்ட பயிற்சி என்று பிள்ளைகளுக்குப் பிறகுதான் தெரிந்தது. உடனே ஆசிரியர் அறிக்கை எழுதச் சொன்னார். ‘அவர் கோபமாக வந்தார்’ என்று என் மகள் எழுதியிருந்த வரியைச் சிவப்பு மையால் வட்டமிட்டு, ‘கோபத்தை எங்கே பார்த்தாய்? பார்த்ததை மட்டும் எழுது’ என்று குறிப்பு எழுதித் திருப்பித் தந்தார். அன்றிரவு சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து அவள் அதைத் திருத்தினாள்: ‘கதவை வலது கையால் வேகமாகத் தள்ளினார். யாரிடமும் பேசவில்லை. பையை எடுத்ததும் ஓடினார்.’ ஓர் அறிக்கையில் ஊகம் கலந்துவிட்டால், பல மாதங்கள் கழித்து நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு வழக்கையே அசைத்துவிட முடியும் என்பதை அவள் எனக்கு விளக்கினாள். காவலராக வருகிறாளோ இல்லையோ, பதினான்கு வயதில் இந்தக் கட்டுப்பாடு கைவருவது பெரிய விஷயம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

சட்டப் பாடத்தில் அவர்கள் படித்த வழக்குகளும் அவர்கள் வயதுக்கு நெருக்கமானவையே. அரிசோனாவில் ஆபாசத் தொலைபேசி அழைப்புக்காகப் பிடிபட்ட ஜெரால்ட் கால்ட் என்ற 15 வயதுச் சிறுவனை, வழக்கறிஞர் உதவியே இல்லாமல் விசாரித்து, 21 வயது வரைகூடச் சீர்திருத்தப் பள்ளியில் வைத்திருக்கலாம் என்று உத்தரவிட்டார்கள். சிறார்களுக்கும் வழக்கறிஞர் வைத்துக்கொள்ளும் உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் 1967இல் தீர்ப்பளித்தது அந்த வழக்கில்தான். மாணவியின் கைப்பையைப் பள்ளி நிர்வாகம் சோதனையிடலாமா என்ற 1985ஆம் ஆண்டு வழக்கையும் இரண்டு அணிகளாகப் பிரிந்து வாதாடியிருக்கிறார்கள். அதிகாரத்தைக் கையாளப் பழகுவதற்கு முன் அதன் எல்லையைக் கற்பிக்கும் இந்த வரிசைமுறைதான் எனக்கு மிகவும் பிடித்தது. இடையில் ஒரு செய்தி: கைரேகைப் பாடம் முடிந்த அன்று, 1897இல் கொல்கத்தாவில் தொடங்கிய கைரேகைப் பணியகத்தைப் பற்றியும், கைரேகைகளை வகைப்படுத்தும் முறையை உருவாக்கியதில் இந்தியக் காவல் அதிகாரிகளான அசிசுல் ஹக், ஹேம் சந்திர போஸ் ஆகியோருக்கு இருந்த பங்கைப் பற்றியும் அவள் தானாகவே தேடிப் படித்துச் சொன்னாள்.

ஹூஸ்டனிலிருந்து ஒரு தந்தை:

சகோதரி எழுதியதோடு, சேர்வதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டிய சிலவற்றையும் சொல்ல விரும்புகிறேன். டெக்சஸில் காவல் அதிகாரி உரிமத்துக்குப் பொதுவாக 21 வயது நிறைந்திருக்க வேண்டும். போதிய கல்லூரிப் படிப்போ ராணுவச் சேவையோ இருந்தால் 18 வயதிலும் வழியுண்டு. அவசர அழைப்பு மையப் பணிக்கு 18 வயது போதும். என் மகன் இந்த அழைப்பு மையப் பணியைத்தான் தேர்ந்தான். அழைப்பவர் எவ்வளவு பதற்றத்தில் இருந்தாலும் முதலில் இடத்தைத்தான் கேட்க வேண்டும் என்று பயிற்சியில் சொல்லித் தருகிறார்கள். இணைப்பு அறுந்துபோனாலும் முகவரி கையில் இருந்தால் உதவியை அனுப்பிவிடலாம்.

குடியுரிமைதான் நம்மவர்கள் கவனிக்க வேண்டிய பெரிய விஷயம். எச்-4 விசாவில் (எச்-1பி போன்ற வேலை விசாவில் இருப்பவரின் குடும்பத்தினருக்குத் தரப்படுவது) உள்ள பிள்ளைகள் வகுப்பில் சேரத் தடையில்லை. ஆனால் ஊதியத்துடன் கூடிய பயிற்சியில் அவர்கள் சேர முடியாது. காவல் அதிகாரி உரிமத்துக்கோ பொதுவாக அமெரிக்கக் குடியுரிமை கேட்கப்படுகிறது. எங்களுக்குத் தெரிந்த குடும்பத்தில் ஒரு பையன் இதைப் பன்னிரண்டாம் வகுப்பில்தான் அறிந்து மனமுடைந்து போனான். பள்ளி ஆலோசகர்கள் விசா விவரங்களைக் கேட்பதில்லை. ஆகவே பெற்றோர்தான் ஒன்பதாம் வகுப்பிலேயே பிள்ளையிடம் இதை மனம்விட்டுப் பேச வேண்டும்.

ஆஸ்டினிலிருந்து ஒரு முன்னாள் மாணவி:

நானும் எச்-4 விசாவில் இருந்தபடியே இந்தப் பிரிவில் படித்தவள். தடய அறிவியல் பாடம் அறிவியலுக்கான பாட அலகாகவும் (கிரெடிட்) கணக்கில் சேர்ந்ததால் கல்லூரி விண்ணப்பத்தில் எனக்கு எந்தக் குறையும் ஏற்படவில்லை. மாணவர்களின் தொழில்திறனை வளர்க்கும் ஸ்கில்ஸ் யூஎஸ்ஏ அமைப்பின் குற்றக்களப் புலனாய்வுப் போட்டியில் எங்கள் அணியில் வரைபடம் போடும் பொறுப்பு என்னுடையது. அளவுநாடாவைப் பிடித்துக்கொண்டு, சுவரிலிருந்து ஒவ்வொரு தடயமும் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று குறித்த அந்தப் பழக்கம் இன்று வேதியியல் ஆய்வகத்தில் எனக்கு நாள்தோறும் பயன்படுகிறது. சேர நினைப்பவர்கள், எந்தெந்தப் பாடங்களுக்குக் கல்லூரிப் பாட அலகும் சேர்ந்து கிடைக்கும் என்பதைத் தங்கள் பள்ளியில் முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அது பள்ளிக்குப் பள்ளி மாறுகிறது.